ரெண்டு மாட்டுக் கட்டுத்தரை: விடியக்காலம் முதல் ராத்திரிப் பார்வை வரை

ஈரோடு, திருப்பூர் பக்கம் ரெண்டு மூணு ஏக்கர் தோட்டத்தில் மஞ்சளோ கரும்போ வைத்தால் வருசத்துக்கு ஒரு தடவைதான் காசு. பால் காசு மட்டும் மாதத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்து வீட்டை ஓட்டும். ஆகவே தோட்டத்து வேலைகளைக் காலை, மாலை ரெண்டு கறவையில் மாட்டித் தொங்கவிடுவதுதான் சரி. தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, சந்தைக்குப் போவது எல்லாம் இந்த ரெண்டு ஆணிக்கு நடுவில் அடங்க வேண்டும். இங்கே சொல்வது ரெண்டு ஜெர்சி கலப்பினக் கறவை, ஒரு கன்று, நாலைந்து ஆடு, பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி உள்ள ஒரு குடும்பத்துக்கான கணக்கு. வேலை பார்ப்பது வீட்டாள் ரெண்டு பேர்தான்.

கறவைக்கு முன்னால்

ஒரு கறவைக்கும் அடுத்ததற்கும் 12 மணி நேர இடைவெளி இருந்தால் நல்லது. காலை 5 என்றால் மாலையும் 5. ஆனால் பால் கூட்டுறவுச் சொசைட்டி வண்டி வரும் நேரத்தை நாம் நிர்ணயிக்க முடியாது. மாலைக் கறவை மூன்றரைக்கே முடிய வேண்டிய ஊர்களில் ராத்திரி இடைவெளி நீண்டுவிடும். அப்போது காலைப் பாலின் அளவு கூடும், கொழுப்பு குறையும். மாலையில் அதற்கு நேர்மாறு. இது தெரியாமல் காலைச் சீட்டில் கொழுப்பு குறைவாக வந்ததும் தீவனத்தை மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். இன்றைக்கு நாலரை, நாளைக்கு ஆறு என்று போனால் மாடு பாலை அடக்கப் பழகிவிடும்.

கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் சாணிக்கூடையைத் தூக்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். படுத்திருக்கும் மாடு அசை போடுகிறதா? மூக்கு ஈரமாக இருக்கிறதா? நேற்று வைத்த சோளத்தட்டு மீதம் கிடக்கிறதா? சாணி எப்படி விழுந்திருக்கிறது? நல்ல சாணி தரையில் வட்டமாகப் படிந்து, ஓரம் மடிந்து, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். தண்ணியாகத் தெறித்து, நுரை கட்டி, அதில் மக்காச்சோளக் குருணை தெரிந்தால் அடர்தீவனம் அதிகம், தட்டு குறைவு. உருண்டை உருண்டையாக இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை.

பிறகு சாணி வழித்து, தரையைக் கழுவி விடுங்கள். இதைக் கறவைக்கு முன்பே முடிக்க வேண்டும், கறக்கும்போது செய்யக் கூடாது. அதேபோல் கறக்கும் நேரத்தில் உலர்ந்த சோளத்தட்டை உதறிப் போடாதீர்கள். அந்தத் தூசி நேராகப் பால் போசிக்குள் போகும். கழுவிய தண்ணீர் நிற்காமல் ஓட, மாடு நிற்கும் தரைக்கு 5 அடி நீளத்தில் ஒன்றரை அங்குலம் சரிவு வேண்டும். அதற்கு மேல் சரிந்தால் சினை மாடு வழுக்கும்.

கறப்பது

வெதுவெதுப்பான தண்ணீரில் மடியையும் காம்பையும் கழுவி, துணியால் துடைத்து ஈரம் போக்குங்கள். மாட்டுக்கு ஒரு துணி. ஒரே துணியால் ரெண்டு மாட்டையும் துடைத்தால் மடிநோயை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. ஈரம் சொட்டச் சொட்டக் கறப்பதும் தவறு, அழுக்குத் தண்ணீர் காம்பு வழியாகப் பாலில் இறங்கும்.

ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூணு நாலு பீச்சைத் தனியாக ஒரு கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்கள். திரிதிரியாகவோ தயிர்த்துகள் போலவோ ஏதாவது துணியில் தங்கினால் அந்தக் காம்பில் மடிநோய் தொடங்கிவிட்டது. தரையில் பீச்ச வேண்டாம். மாடு படுக்கும் இடத்திலேயே கிருமியை விதைப்பதாகும்.

மடியைக் கழுவித் தடவியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து, ஒரு நிமிடத்துக்குள் பால் காம்புக்கு இறங்கும். இதைத்தான் 'மாடு சுரந்துவிட்டது' என்கிறோம். இந்தச் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். கழுவிவிட்டு போசி தேடப் போனாலோ, போன் பேசினாலோ, பாதிப் பால் மேலேயே தங்கிவிடும். தங்கும் பால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறவையைக் குறைக்கும். நாய் குரைப்பது, புது ஆள் வந்து நிற்பது, மாட்டை அடிப்பது ஆகியவையும் சுரப்பை நிறுத்தும். சுரக்காத மாட்டுக்கு ஆக்சிடோசின் ஊசி போட்டுக் கறக்கும் பழக்கத்துக்குப் போகவே வேண்டாம். அப்புறம் ஊசி இல்லாமல் மாடு சுரக்காது.

முழுக்கையால் கறக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்புறத்தை வளையம் போல் அடைக்க, மற்ற மூணு விரல்கள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும். காம்பை இழுக்க வேண்டியதே இல்லை. கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியில் காம்பை நசுக்கிக் கறக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. வேகம் வரும், ஆனால் காம்பின் உள்சவ்வு கன்றிப்போய் நாளடைவில் துவாரம் அடைபடும். விளக்கெண்ணெயோ பாலோ தொட்டுக் கறப்பதும் வேண்டாம். கடைசிப் பீச்சல்களில்தான் கொழுப்பு அதிகம். 'போதும்' என்று விட்டுவிட்டு எழுந்தால் சொசைட்டிச் சீட்டில் அது தெரிந்துவிடும்.

ரெண்டு மாட்டில் எதை முதலில் கறப்பது? நோயில்லாததை, அதிலும் தலைச்சன் மாட்டை முதலில். மடிநோய் வந்தது எப்போதும் கடைசி, அதன் பால் தனிப் பாத்திரத்தில்.

கறந்து முடித்ததும் நாலு காம்பையும் பொவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். கடையில் காம்பு முக்கும் மருந்து என்றே கிளிசரின் கலந்து கிடைக்கும். கறந்தபின் அரைமணி நேரம் காம்புத் துவாரம் திறந்தே இருக்கும். அந்த அரைமணியில் மாடு படுத்தால் சாணிக் கிருமி நேராக உள்ளே ஏறும். எனவே பசுந்தீவனத்தைக் கறவைக்கு முன் வைக்காமல், கறந்த கையோடு வையுங்கள். தின்று முடிக்கும் வரை மாடு நிற்கும். மடிநோயைத் தடுப்பதில் இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

பாத்திரம் கழுவுவதில் ஒரு தப்பு பரவலாக நடக்கிறது. முதலிலேயே கொதிதண்ணி ஊற்றுகிறார்கள். பால் புரதம் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணி, பிறகு சலவைச் சோடா போட்ட சுடுதண்ணி, கடைசியில் மறுபடி நல்ல தண்ணி. கவிழ்த்து வெயிலில் காய வையுங்கள். காலையில் கறந்ததையும் முந்தின மாலைப் பாலையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், மொத்தமும் திரியும்.

மடி வீங்கினால்

ஒரு காம்பு மட்டும் சூடாக, கல் போல் இருந்து, பால் உப்புக் கரித்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகம் சொல்லிப் பரவியிருக்கும் மூலிகைக் கலவை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு நறுக்கி மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் விழுது வரும். பாலை முழுக்கக் கறந்து, மடியைக் கழுவி, ஒரு கையளவு விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூசுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். மாடு சோர்ந்து படுத்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தமோ சீழோ வந்தாலோ பூச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் போட்டால் அவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

தீனிக் கணக்கு

அடர்தீவனம்: உடம்பைத் தாங்க ரெண்டு கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 2 + 4 = 6 கிலோ. இதைக் காலை 3, மாலை 3 என்று பிரியுங்கள். ஆறையும் ஒரே வேளையில் கொட்டினால் வயிறு புளிக்கும். பால் வற்றிய மாட்டுக்கும் கறக்கும் மாட்டுக்கும் ஒரே சட்டியில் ஒரே அளவு வைப்பதுதான் சின்னப் பண்ணையில் பணம் கரையும் ஓட்டை.

வீட்டிலேயே கலப்பதானால் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 37, கடலைப்புண்ணாக்கு 20, தேங்காய்ப் புண்ணாக்கு 8, தவிடு 32, தாதுஉப்புக் கலவை 2, சாதா உப்பு 1. மக்காச்சோளத்தை மாவாக்க வேண்டாம், குருணையாக உடைத்தால் போதும். புண்ணாக்கில் பூஞ்சணம் வாடை அடித்தால் 'வெயிலில் போட்டால் சரியாகிவிடும்' என்று நினைக்காதீர்கள். கடலைப்புண்ணாக்கில் வரும் அஃபிளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு வெயிலுக்குப் போகாது, பாலிலும் இறங்கும்.

தீவனத்தைத் தொட்டித் தண்ணியில் கூழாகக் கரைத்துக் குடிக்கவிடுவது நம்ம பக்கத்தில் ஊறிப்போன வழக்கம். மாடு மெல்லாமல் உறிஞ்சிவிடும், எச்சில் சுரக்காது. எச்சில்தான் வயிற்றுப் புளிப்பை அடக்கும் இயற்கைச் சோடா. அதனால் தெளித்துப் பிசிறி, புட்டுப் பதத்தில் வைப்பதே மேல். தண்ணீரைத் தனியாகக் காட்டுங்கள்.

விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை வாளி வாளியாக மாட்டுக்கு ஊற்றுவதால் செத்த மாடுகள் எத்தனையோ. சோறு, கஞ்சி, அரிசி மாவு எல்லாம் வயிற்றில் வேகமாக லாக்டிக் அமிலமாகி மாட்டைப் படுக்க வைக்கும். ஒரு கை சோறு ஒன்றும் செய்யாது, பாதி வாளி செய்யும். அசை நின்று, சாணி புளித்த நாற்றத்தோடு தண்ணியாகப் போனால் உடனே 1962க்கு அடித்துக் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சொசைட்டிச் சீட்டைப் படிக்கவும் பழகுங்கள். கொழுப்பு குறைந்தால் பெரும்பாலும் தட்டு, வைக்கோல் குறைந்திருக்கும். கொழுப்பு நீங்கலான இதர சத்து குறைந்தால் தானியச் சத்து போதவில்லை, அல்லது மடியில் கோளாறு.

தண்ணீர்: கறக்கும் மாட்டுக்குத் தினமும் 60 முதல் 80 லிட்டர், சித்திரை வெயிலில் நூறைத் தொடும். தொட்டி எப்போதும் நிறைந்திருந்து, மாடு நினைத்தபோது குடிக்கும்படி கயிற்றின் நீளம் இருக்க வேண்டும். ரெண்டு வேளை தண்ணி காட்டுகிற வீட்டில் மாடு தேவையானதைக் குடிப்பதே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைத் தேய்த்துச் சுண்ணாம்பு பூசினால் பாசி கட்டாது.

45 பாத்தி

மாட்டுக்கு 25 கிலோ பசுந்தீவனம், கன்றுக்குப் பத்து. ரெண்டு மாடு, ஒரு கன்று என்றால் தினம் 60 கிலோ. 'கொஞ்சம் புல்லு இருக்கு' என்று ஒரே வயலில் ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டே போனால், ஒரு மூலை முற்றிக் குச்சியாகும், இன்னொரு மூலை பிஞ்சாக இருக்கும். பாத்தி பிரித்தால் இந்தத் தொல்லை இல்லை.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் (கோ 4 அல்லது கோ 5) ஒருமுறை அறுத்தால் மறுபடி 45 நாளில் அறுவடைக்கு வரும். எனவே இருபத்து மூணு சென்ட் ஒதுக்கி, 45 பாத்தியாகப் பிரியுங்கள். ஒரு பாத்தி ஏறத்தாழ அரை சென்ட், அதாவது 20 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 3 கிலோ என்று குறைவாகக் கணக்கிட்டாலும் 60 கிலோ தேறும். தினம் ஒரு பாத்தி. கடைசிப் பாத்தியை அறுத்த மறுநாள் முதல் பாத்தி தயாராக நிற்கும். வரப்பில் பெயின்ட் அடித்த குச்சி நட்டு எண் போட்டுவிட்டால் வீட்டில் யார் போனாலும் சரியான பாத்தியில் அறுப்பார்கள்.

கரணை (நடும் தண்டுத் துண்டு) ரெண்டு கணு உள்ளதாக, ஒரு கணு மண்ணுக்குள் புதையும்படி நடுங்கள். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் நட்டுவிடாதீர்கள், அப்படி நட்டால் எல்லாம் ஒரே நாளில்தான் முற்றும். நாளைக்கு ஒரு பாத்தி வீதம் நட்டால் வரிசை முதலிலேயே அமைந்துவிடும். மண்மட்டத்துக்குச் சீவாமல் நாலு விரல்கடை தூர் விட்டு அறுங்கள். அறுத்த பாத்திக்கு மறுநாள் சாண எரிவாயுக் கலனின் கழிவுக்கரைசல், மூணாம் நாள் தண்ணீர். மும்முனை கரண்ட் வரும் நேரத்துக்கு எந்தப் பாத்திக்கு மடை திருப்புவது என்பது முந்தின ராத்திரியே முடிவாகியிருக்க வேண்டும்.

வெறும் நேப்பியர் போதாது. அதில் ஆக்சலேட் அதிகம், சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழை என்று ஏதாவது பயறுவகைத் தழையோ மரத்தழையோ சேருங்கள். சவுண்டல் தழை வைத்தால் கொஞ்சமாக வையுங்கள், அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. தட்டுவெட்டியில் ஒரு அங்குலத் துண்டாக வெட்டினால் மாடு தண்டை ஒதுக்காது. உள்ளே சிக்கிய தட்டைக் கையால் தள்ளாதீர்கள், மோட்டாரை நிறுத்தி எடுங்கள். விரல் போன வீடுகள் ஊருக்கு ஒன்று இருக்கும்.

சோளத்தில் ஒரு கண் வையுங்கள். பூ வராத இளஞ்சோளம், அதிலும் காய்ந்து கிடந்து மழைக்குப் பின் துளிர்த்த மறுதாம்பு, ஹைட்ரோசயனிக் அமிலத்தால் மாட்டைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடும். கயிறு அவிழ்ந்த மாடு சோளக்காட்டுக்குள் இருப்பதைப் பார்த்தால் ஓடுங்கள். தீவனச் சோளம் பாதிக்குமேல் பூத்த பிறகுதான் அறுக்க வேண்டும்.

கன்று, ஆடு, கோழி

கன்று பிறந்ததும் தொப்புள்கொடியை ஒரு அங்குலம் விட்டுக் கட்டி, நறுக்கி, டிங்ச்சர் அயோடின் தடவுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். நேரம் போகப் போகக் குடலுக்கு நோய் எதிர்ப்புச் சத்தை உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொடி விழ எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகலாம், கல் கட்டியோ கையாலோ இழுக்கக் கூடாது. தினப்பால், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். பத்தாம் நாள் வாக்கில் முதல் குடற்புழு மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று.

கன்றை முட்டவிட்டுத்தான் கறப்போம் என்றால் கறக்கலாம். ஆனால் கன்று செத்துப்போனால் அந்த ஈத்துப் பால் பெரும்பாலும் அதோடு போயிற்று. முதல் நாளிலிருந்தே வாளியில் குடிக்கப் பழக்கினால் அந்தக் கவலை இல்லை.

ஆடுகளைப் பனி காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுங்கள். ஈரப் புல்நுனியில் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும். காங்கயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இருந்தால் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலங்காயுமே பாதி வயிற்றை நிரப்பிவிடும். கோழிக்கு மாலையில் ஒரு பிடி கம்பு கூட்டுக்குள் போட்டால் தானாக அடையும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பகலில் குப்பைமேட்டைக் கிளறி ஈப்புழுவைத் தின்பதும், கட்டுத்தரையில் உதிரும் உண்ணியைப் பொறுக்குவதும் கோழி செய்யும் சம்பளமில்லா வேலை.

உண்ணிக்கு வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை மாட்டின் மேல் பூசுவது கொலை. மாடு நக்கும், அப்படியே விழும். மருத்துவர் தரும் மருந்தைச் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள். காது, தாடை, மடி, வாலடி ஆகிய இடங்களைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போதே பார்த்துவிடலாம்.

ரெண்டு மாட்டுச் சாணி ஒரு நாளைக்கு 25 கிலோ குறையாது. ஒரு கனமீட்டர் எரிவாயுக் கலனுக்கு அது போதும். சாணிக்குச் சமஅளவு தண்ணி, கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு அடுப்பெரியும். கட்டுத்தரை கழுவிய பினாயில் தண்ணி அதில் கலந்தால் கிருமி செத்து வாயு நின்றுவிடும்.

ராத்திரி ஒன்பது மணி

மாலைக் கறவையும் காலைக் கறவை மாதிரியேதான். அது முடிந்து, உலர்தட்டு வைத்து, வேப்பிலை, நொச்சி போட்டுப் புகைமூட்டம் போட்டபின் கடைசியாக ஒரு பார்வை பாக்கி. மாடு பருவத்துக்கு வருவது பெரும்பாலும் இருட்டிலும் விடியலிலும்தான் தெரியும். ஓயாமல் கத்தும், பக்கத்து மாட்டின் மேல் தாவும், தன்மேல் தாவினால் அசையாமல் நிற்கும், அடிக்கடி சிறுநீர் விடும், அறையிலிருந்து (பிறப்புறுப்பிலிருந்து) முட்டை வெள்ளைக்கரு போல் கண்ணாடிக் கம்பியாகத் திரவம் தொங்கும். அன்றைக்குப் பாலும் ஒரு லிட்டர் குறையும். காலையில் கண்டால் அன்று மாலை சினை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கண்ட உடனே போட்டால் சீக்கிரம், ஒரு நாள் கழித்தால் தாமதம். கன்று ஈன்ற 60 முதல் 90 நாளுக்குள் ஊசி விழுந்துவிட வேண்டும். ஒரு பருவம் தப்பினால் 21 நாள் தீனி தண்டம்.

ஊசி போட்ட நாளைக் காலண்டரில் குறித்து, 18ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை ஒரு கோடு இழுங்கள். அந்த ஒரு வாரம் ராத்திரிப் பார்வையை யாரும் விடக் கூடாது. கத்தல் இல்லை, ஒழுக்கும் இல்லை என்றால் ரெண்டு மூணு மாதத்தில் மருத்துவரைக் கொண்டு சினை பார்த்துவிடுங்கள். சினை நின்றது உறுதியானால் ஊசி நாளிலிருந்து 280 நாள் எண்ணி ஈனும் தேதியைக் குறியுங்கள். அதிலிருந்து 60 நாள் பின்னால் வந்து இன்னொரு குறி: அன்றைக்குக் கறவையை நிறுத்த வேண்டும், மாடு எத்தனை லிட்டர் கறந்தாலும் சரி.